புள்ளடியும் கையொப்பமும்
பெண் வாக்குரிமை பற்றி நாம் எழுதுபவை குறித்து ஒரு விமர்சனக் குறிப்பு

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தேர்தல் கடமை தப்பாது. 2018 பெப்ரவரி 10ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலன்று கிழக்கில் ஒரு பாடசாலையில் அமைந்த வாக்கெடுப்பு நிலையத்தில் நான் கடமையில் இருந்தேன். காலை ஏழு மணிக்கே பெண்களின் வரிசை கேற்றைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. எழுபது வயதைக் கடந்த ஒரு மூத்தம்மா வாக்குச்சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"புள்ள, புள்ளடி போடக்குள்ள ஆரும் பக்கத்துல வருவாங்களா?"

"இல்ல உம்மா, நீங்க மட்டும்தான்."

"அப்ப நல்லம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே மறைப்புக்குப் பின்னால் போனார்.

அதே மாதக் கடைசியில் என் தங்கையின் மகளுக்கு நிகாஹ். பட்டம் முடித்த பிள்ளை. மச்சான் அறைக்குள் வந்து, "மகள், சம்மதம்தானே?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். வெளியே பதிவாளரின் புத்தகம் விரிந்திருந்தது. மாப்பிள்ளை கையொப்பமிட்டார். வலீ என்ற முறையில் மச்சான் ஒப்பமிட்டார். நிகாஹ்வை நடத்திவைத்தவரும் ஒப்பமிட்டார். எல்லாம் முடிந்து சாப்பாட்டுச் சஹன் வைக்கும் நேரத்தில் அவள் என்னிடம் கேட்டாள்: "பெரியம்மா, நான் எங்க ஸைன் வைக்கிற?"

அவள் கையொப்பமிட அதில் இடம் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் ஊரை யார் ஆள்வது என்று தன் கையால் புள்ளடி போட்டவள், தன் நிகாஹ் பதிவில் ஓர் எழுத்தும் போடவில்லை. சில ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகம் மணமகளிடம் தனியாக ஒரு சம்மதக் கடிதம் வாங்குகிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் சட்டம் அதைக் கேட்கவில்லை.

இந்த இரண்டு காட்சிகளும் என் மனதில் ஒட்டிக்கொண்டே இருந்தன. பிறகு மகளிர் தினக் கூட்டமொன்றில் பேசுவதற்காக, பெண்களின் அரசியல் உரிமை பற்றி நமது சமூகத்தில் வெளியான மலர்க் கட்டுரைகளையும் சிறப்பிதழ்களையும் தேடி வாசித்தேன். ஒரு கட்டுக்கு மேல் சேர்ந்தன. வாசித்து முடித்தபோது எனக்கு ஏற்பட்ட அதிருப்தியின் விளைவே இந்தக் குறிப்பு. எழுதியவர்களின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. என் விமர்சனம் அவர்கள் கதை சொல்லும் முறை பற்றியது.

மூன்று வார்ப்புகள்

அந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை மூன்று வார்ப்புகளில் அடங்குகின்றன. முதலாவது, "ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்பே" என்று தொடங்குவது. இரண்டாவது, டொனமூர் ஆணைக்குழு நமக்கு வாக்குரிமை தந்தது என்று சொல்வது. மூன்றாவது, முதல் பெண் உறுப்பினர், முதல் பெண் பிரதமர், முதல் முஸ்லிம் பெண் அமைச்சர் என்று பட்டியலிடுவது. மூன்றிலும் தகவல் பிழை அதிகமில்லை. ஆனால் மூன்றும் உரிமையை எப்போதோ முடிந்துபோன காரியமாக, யாரோ கொடுத்த அன்பளிப்பாகக் காட்டுகின்றன. அன்பளிப்பை வாங்கியவர்களுக்கு மிஞ்சுவது நன்றி சொல்வது மட்டும். கணக்குக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

முதல் வார்ப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது அகபா உடன்படிக்கையில் இரண்டு பெண்கள் பங்குகொண்டார்கள். அவர்களில் ஒருவர் நுஸைபா பின்த் கஃப் (ரழி). பெண்களிடம் பைஅத் பெறுவது பற்றி ஸூரா மும்தஹினா பேசுகிறது. ஹுதைபிய்யாவில் நபி (ஸல்) அவர்கள் உம்மு ஸலமா (ரழி) அவர்களின் ஆலோசனையை ஏற்றுச் செயற்பட்டார்கள். தன் கணவர் பற்றி முறையிட்ட ஒரு பெண்ணின் வாதத்தோடுதான் ஸூரா முஜாதலா தொடங்குகிறது. இவையெல்லாம் கட்டுரைகளில் வருகின்றன, வரத்தான் வேண்டும். ஆனால் அடுத்த பந்தியிலேயே கட்டுரை முடிந்துவிடுகிறது. "ஆகவே இஸ்லாம் பெண்ணுக்கு எல்லா உரிமையும் வழங்கியுள்ளது" என்று முற்றுப்புள்ளி. நுஸைபா (ரழி) அன்று செய்ததை இன்று நமது ஊரில் ஒரு பெண் எந்த இடத்தில் செய்யலாம் என்ற கேள்வி எழுவதே இல்லை.

மஹருக்கு உச்சவரம்பு விதிக்க முனைந்த உமர் (ரழி) அவர்களை ஒரு பெண் எழுந்து திருத்திய சம்பவம் ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் வரிசை பற்றி ஹதீஸ் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதைச் சொல்லும் பொறுப்பை யாரும் எடுக்கவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சம்பவத்தை நாம் எதற்காகச் சொல்கிறோம்? கலீஃபாவின் பணிவைப் புகழ்வதற்காக. தன்னைப் பாதிக்கும் ஒரு சட்ட விடயத்தில், சபையில், ஆட்சியாளரின் முகத்துக்கு முன்னால் ஒரு பெண் பேசினாள் என்பது நம் கட்டுரைகளில் துணைத் தகவலாகச் சுருங்கிவிடுகிறது.

தரப்பட்டதா, கேட்டதா?

இரண்டாவது வார்ப்பு வரலாற்றைச் சுருக்கிவிடுகிறது. 1927 இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, இந்நாட்டு மக்களில் நூற்றுக்கு நான்கு பேரளவில்தான் வாக்காளர்கள். சொத்தும் படிப்பும் உள்ள ஆண்களுக்குரிய விடயமாகவே வாக்கு இருந்தது. அந்த டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. அதன் முன்னணியில் நின்றவர் அக்னஸ் டி சில்வா. அடுத்த மாதமே அவர்கள் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தார்கள். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது, அவர்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் தான் பதில் சொன்னதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்கள் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார்கள். ஆணைக்குழுவும் முதலில் பெண்களுக்கு 30 வயது என்றுதான் சிபாரிசு செய்தது. பிரித்தானியாவில் 1928இல் அந்த வயது வித்தியாசம் நீங்கியது. இங்கும் ஆண் பெண் இருபாலாருக்கும் 21 என்று நிர்ணயமாகி, 1931இல் முதல் தேர்தல் நடந்தது. பிரான்ஸ் பெண்கள் 1944 வரையும், சுவிற்சர்லாந்துப் பெண்கள் 1971 வரையும் காத்திருக்க நேர்ந்தது. நமக்கு 1931இல் கிடைத்ததற்குக் காரணம், கேட்பதற்கு ஆள் இருந்தது. அதோடு, கிடைத்தது கிடைத்தபடியே இருக்கும் என்றும் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தத்தையும் அடுத்து, அக்னஸ் டி சில்வா பரிந்து பேசிய தோட்டப் பெண்கள்தான் தம் குடும்ப ஆண்களோடு சேர்த்து வாக்கை இழந்தார்கள்.

அந்த நாட்களில் நமது தலைவர்களின் கவலை வேறாக இருந்தது. டொனமூர் திட்டம் இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தது. சிறுபான்மையினருக்கு அது நியாயமான அச்சமே. ஆனால் அந்த அச்சத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நமது வரலாற்றாசிரியர்கள், அதே திட்டத்தால் முஸ்லிம் வாக்காளர்களில் பாதிப்பேர் புதிதாகப் பெண்களாக இருக்கப்போனார்கள் என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். 1931இல் மட்டக்களப்பு தெற்கில் மாக்கான் மாக்கார் வென்று அமைச்சரானதைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அந்தத் தேர்தலில் நமது மூத்தம்மாமார் முதன்முதலில் எப்படி வாக்களிக்கப் போனார்கள், மாட்டு வண்டியிலா, கூடாரத் திரைக்குள்ளா, யாருடைய பேச்சைக் கேட்டுப் போட்டார்கள் என்பதைப் பதிவுசெய்த ஒரு பக்கத்தையும் நான் காணவில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது உயிரோடு இல்லை. ஒரு ஆய்வுச் சஞ்சிகையில் எழுதும் நமக்கு இது சிறிய இழப்பா?

பட்டியல் மறைப்பது

மூன்றாவது வார்ப்பான பட்டியலுக்கு வருவோம். எட்லின் மொலமூரே 1931இல் ருவன்வெல்லை இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். அந்த ஆசனம் அவரது தந்தையின் மரணத்தால் வெற்றிடமானது. 1932இல் கொழும்பு வடக்கில் வென்ற நேசம் சரவணமுத்து, கணவர் இழந்த ஆசனத்துக்குப் போட்டியிட்டவர். 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க, கொலையுண்ட பிரதமரின் மனைவி. 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் எம்.எச்.எம். அஷ்ரஃப் காலமானதைத் தொடர்ந்து பேரியல் அஷ்ரஃப் பாராளுமன்றம் சென்று அமைச்சரானார்.

இவர்களின் ஆற்றலை நான் குறைத்துச் சொல்லவில்லை. கதவு எப்படித் திறந்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். தந்தை, கணவர், கணவர், கணவர். ஆண் விட்டுச்சென்ற வெற்றிடம் வழியாகவே பெண் உள்ளே வந்திருக்கிறாள். நமது பட்டியல்களில் இதற்கு விலக்காக நிற்பவர் ஆயிஷா ரவூப். கேரளத்திலிருந்து வந்து, கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக உழைத்து, அந்த உழைப்பின் பெயரில் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகி, பிரதி மேயராகவும் இருந்தார். அவருக்குப் பாதை பாடசாலை வழியாக வந்தது. நமது மலர்களில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு புகைப்படமும் நான்கு வரியும்.

2018 தேர்தலில் சட்டமே கதவைத் திறந்தது. உள்ளூராட்சி மன்றங்களில் 25 சதவீதம் பெண்கள் என்ற ஏற்பாட்டால், அதற்கு முன் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாக இருந்த பெண்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினார்கள். ஆனால் இருபது சதவீதத்துக்குக் குறைந்த வாக்கும் மூன்றுக்குக் குறைந்த ஆசனமும் பெற்ற கட்சிக்கு விலக்கு. வட்டாரத்தில் பெண்ணை நிறுத்தத் தயங்கியவர்கள் மேலதிகப் பட்டியலில் பெயரை நிரப்பிக் கணக்கை முடித்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரியிடம் கட்சிக்காரர்கள் வந்து, "ஒங்களுக்கு ஒரு வேலையும் இல்ல, ஸைன் மட்டும் வெச்சாக் காணும்" என்றார்களாம். நான் பார்த்த ஒரு துண்டுப் பிரசுரத்தில் வேட்பாளரின் படம் இருக்கவேண்டிய இடத்தில் கணவரின் படம் இருந்தது. ஆனாலும் அந்தச் சகோதரி சபைக்குப் போனார். முதல் ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. பிறகு எங்கள் பக்கத்து வடிகான் விடயத்தில் திறந்தார், பிறகு மூடவில்லை. இந்தக் கதை மலர்களில் வராது, ஏனென்றால் அவர் எதிலும் "முதல்" பெண் அல்ல.

நமது வீட்டுக்குள்

கிழக்கிலங்கையில் நமது மரபு விசித்திரமானது. குடி தாய்வழியில் வருகிறது. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. வீடு மகளுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். ஆனால் அந்தக் குடியின் பெயரில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமரும் மரைக்கார் ஆண். இன்றைக்கும் நான் அறிந்த ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவில் பெண்களுக்கு வாக்கில்லை. ஜனாதிபதியைத் தெரிவுசெய்பவள் மஹல்லாத் தலைவரைத் தெரிவுசெய்ய முடியாது. அவளுடைய குடும்பப் பிணக்கு அதே நிர்வாகத்திடம்தான் முதலில் போகிறது.

அடுத்து காதி நீதிமன்றம். 1928இல் டொனமூர் அறிக்கை. 1929இல் காதி முறைக்கு வழிசெய்த முஸ்லிம் விவாக விவாகரத்துப் பதிவுச் சட்டம். இரண்டும் ஒரே காலத்துப் பிள்ளைகள். முன்னது பெண்ணை வாக்காளராகக் கண்டது. பின்னதன் இடத்துக்கு வந்த 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம், காதியாக நியமிக்கப்படுபவர் "முஸ்லிம் ஆண்" என்று வரையறுத்தது. கணவர் காரணம் சொல்லாமல் தலாக் அறிவித்தல் கொடுக்கலாம். மனைவி பஸ்ஹ் கேட்டால் நிரூபிக்க வேண்டும். பொதுச் சட்டத்தில் திருமண வயது 1995இல் 18 ஆக உயர்ந்த பிறகும், நமது சட்டத்தில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக்கூட காதியின் அனுமதி என்ற வாசல் இருந்தது. அந்த 1951ஆம் ஆண்டுப் பாராளுமன்றம் எங்கிருந்து வந்தது? 1947 தேர்தலிலிருந்து. பெண்களின் வாக்கையும் எண்ணித்தான் அந்த உறுப்பினர்கள் ஆசனம் பெற்றார்கள். பெண்ணின் புள்ளடியால் உள்ளே போனவர்கள் பெண்ணுக்குக் காதி ஆசனம் இல்லை என்று எழுதினார்கள்.

"ஷாபிஈ மத்ஹபில் பெண் காதியாக முடியாது" என்பது பதில். உண்மை, ஷாபிஈ நூல்களின் பிரபலமான நிலைப்பாடு அதுதான். ஹனஃபிகள் சில விடயங்களில் அனுமதித்தார்கள். இமாம் தபரி அவர்களின் கருத்து இன்னும் விரிவானது. ஆனால் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இந்தோனேசியாவில் மார்க்க நீதிமன்றங்களில் பெண்கள் பல தசாப்தங்களாக நீதிபதிகள். மலேசியா 2010இல் ஷரீஆ நீதிமன்றங்களுக்குப் பெண்களை நியமித்தது. பலஸ்தீனத்தில் 2009இல் நியமனமானது. அவர்கள் மத்ஹபை விட்டு வெளியேறியதாக யாரும் பத்வா கொடுக்கவில்லை.

எகிப்தின் கதையையும் நினைவுபடுத்த வேண்டும். 1951 பெப்ரவரியில் துரிய்யா ஷபீக் தலைமையில் சுமார் ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் கெய்ரோ பாராளுமன்றத்துக்குள் நுழைந்து அரசியல் உரிமை கேட்டார்கள். அடுத்த வருடம் அல்அஸ்ஹரின் பத்வாக் குழு பெண்கள் பாராளுமன்றம் செல்வதற்கு எதிராகக் கருத்து வெளியிட்டது. 1956இல் எகிப்தியப் பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். அப்போதும் எழுத்தறிவு என்ற நிபந்தனை பெண்ணுக்கு மட்டும். இன்று அங்கே ஓர் ஆலிமும் பெண் வாக்களிப்பது ஹராம் என்று சொல்வதில்லை. அன்று மார்க்கத்தின் இறுதித் தீர்ப்பு போல ஒலித்தது, இன்று ஒரு காலத்தின் கருத்தாகத் தெரிகிறது. பெண் காதி விடயத்தில் நமது இன்றைய உறுதிப்பாட்டுக்கும் அதே கதி நேரலாம் என்ற பணிவு நமக்கு வேண்டாமா?

அச்சத்தின் நியாயமும் அதன் விலையும்

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். "இப்ப இதைப் பேசுற நேரமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் எல்லோரும் பெண்ணுரிமையின் எதிரிகள் அல்ல. என் மச்சானும் கேட்டார். 2019 ஏப்ரலுக்குப் பின் நமது கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2020இல் நமது மையித்துகளைப் பலவந்தமாக எரித்தார்கள். 2021இல் "ஒரே நாடு, ஒரே சட்டம்" செயலணியின் தலைமை யாரிடம் கொடுக்கப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். நமது பெண்களின் கண்ணீரை நம்மை அடிக்கும் பொல்லாகப் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சம் எனக்கும் உண்டு.

ஆனால் நாட்காட்டியைப் புரட்டுங்கள். நீதியரசர் ஸலீம் மர்சூஃப் தலைமையிலான குழு 2009இல் நியமனமானது. அறிக்கை 2018இல் வந்தது. அதுவும் இரண்டாகப் பிரிந்த சிபாரிசுகளோடு. அந்த ஒன்பது வருடங்களில் பேனா நமது கையில் இருந்தது. நாம் எழுதவில்லை. 2021இல் அமைச்சரவை காதி முறையையே ஒழிப்பதாக முடிவெடுத்தபோது பேனா வேறு கைக்குப் போய்விட்டிருந்தது. திருத்தம் கேட்ட பெண்கள் காதி முறையை ஒழிக்கச் சொன்னவர்கள் என்று பழி சுமந்தார்கள். அவர்களில் பலர் கேட்டது கையொப்பமிட ஒரு கோடும், வயதுக்கு ஒரு எல்லையும், விசாரணையில் அமர ஒரு பெண்ணும். அச்சத்தால் நாம் வாங்கிய ஒத்திவைப்பின் விலையைச் செலுத்தியவர்கள் காதி நீதிமன்ற வாசலில் பிள்ளையோடு காத்திருந்தவர்கள்.

இனி எழுதுபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த மலருக்குக் கட்டுரை கேட்டால், நுஸைபா (ரழி) அவர்களோடு தொடங்குங்கள்; ஆனால் அங்கேயே முடிக்காதீர்கள். உங்கள் மஹல்லாவில் நிர்வாகத் தெரிவுக்கு யார் யாருக்கு வாக்கு இருக்கிறது என்று விசாரித்து எழுதுங்கள். உங்கள் பிரதேச சபையில் பட்டியல் வழியாக வந்த பெண் என்ன பேசினார் என்று கூட்டறிக்கையைப் பார்த்து எழுதுங்கள். எண்பது வயது மூத்தம்மா ஒருவர் வீட்டில் இருந்தால், முதல் வாக்கு யாருக்கு, யார் சொல்லிப் போட்டார் என்று கேட்டு வையுங்கள்.

என் தங்கையின் மகளுக்கு இப்போது ஒரு பெண்பிள்ளை. நிகாஹ் அன்று அவள் கேட்ட கேள்விக்கு நான், "புத்தகத்துல ஒனக்கு இடமில்ல மகள்" என்றுதான் பதில் சொன்னேன். "ஏன்?" என்று அவள் மறுபடி கேட்டாள். சஹன் வந்துவிட்டது, நான் பேச்சை மாற்றிவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இந்தப் பக்கங்களில் இவ்வளவு பிந்தி எழுதியிருக்கிறேன்.